கீழ் விடுதி

அந்த அம்மாள் கிளம்பிப் போன பிறகும் ஸ்வெட்டர் சூடாகவே இருந்தது.

"இது என் கையில எப்படி வந்துச்சுன்னே தெரியல," என்று சொல்லித்தான் அதைச் சேர்க்கை அலுவலகத்து மேசைமேல் வைத்தார். "யாரோ பொண்ணோடது போல. தேடிட்டு வந்தா கொடுத்திடுங்க." பக்கத்தில் கணவர் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். கல்லூரி அழகாக இருக்கிறது, மரங்களை நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டு இருவரும் போனார்கள்.

வெளிர்நீல ஸ்வெட்டர். ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். கழுத்துப் பக்கம் சோப்பு வாசனையும், இப்போதுதான் யாரோ கழற்றிக் கொடுத்தது போன்ற உடம்புச் சூடும். அவர்களுக்குக் கல்லூரியைச் சுற்றிக்காட்டிவிட்டு வந்திருந்த அவள் அதை மடித்து இழுப்பறையில் வைத்தாள். மனசுக்குள் ஏதோ இடறியது. என்னவென்று குனிந்து பார்க்க அவளுக்குச் சோம்பலாக இருந்தது.

அன்று மாலை வீட்டில் ஒற்றைத் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் அது பிடிபட்டது. பிள்ளையைச் சேர்க்கும் முன் கல்லூரியைப் பார்க்க வருகிறவர்கள், பிள்ளை இல்லாமலா வருவார்கள்?

ஒரு திருச்சபை தன் பிள்ளைகளுக்காகத் தொடங்கி, பிறகு எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்ட சின்னக் கல்லூரி அது. நடுவில் கல்லால் கட்டிய சிற்றாலயம், அதைச் சுற்றி நூலகம், ஆய்வகங்கள், மாணவிகள் விடுதி, சாப்பாட்டுக் கூடம், ஓரமாக ஒரு மைதானம். சனிக்கிழமை பிற்பகல்களில் பெற்றோரும் பிள்ளைகளும் வருவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் காட்டுவது அவள் வேலை. மாணவிகள் அவளைச் 'சுத்திக்காட்டற அக்கா' என்பார்கள்.

கணவன் இறந்த பிறகு சேர்ந்த வேலை. அவன் போனதிலிருந்து அவளுக்குள் எல்லாம் பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தது. அதனாலேயே இந்த வேலை அவளுக்குத் தோதாக அமைந்தது. வாய் பாட்டுக்குப் பேசும், கால் பாட்டுக்கு நடக்கும், அவள் எங்கோ இருப்பாள். சிற்றாலயத்தில் தொடங்கி, நூலகத்துக்குப் போய், சாப்பாட்டுக் கூடத்தில் தேநீரோடு முடிப்பாள். நடுவில் என்ன பேசினோம் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. யாரும் கேட்டதில்லை.

அடுத்த வாரம் வந்தவர்களில் ஒரு மனிதர், எல்லோரும் போன பிறகும் தன் காரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பின் இருக்கையில் புதுத் தலையணை, விலைச்சீட்டுக்கூடப் பிரிக்காத வாளி, சுருட்டிய மெத்தை.

"யார் வண்டியிலயோ ஏத்த வேண்டியதை என் வண்டியில ஏத்திட்டாங்க போலிருக்கு," என்று சிரித்தார்.

"உங்க பொண்ணோடதா இருக்கும் சார்."

"எனக்கா? எனக்குக் குழந்தையே கிடையாதுங்களே."

சொல்லும்போது அவர் உள்ளங்கை தன்பாட்டுக்கு நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது, சாப்பிட்டது செரிக்காதவர் போல.

"அப்ப எதுக்கு சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?"

அவர் வெகுநேரம் யோசித்தார். மரத்தடி நிழல் அவர் தோளிலிருந்து இறங்கிக் கார் கதவு வரை போய்விட்டது. "அதானே," என்றார் கடைசியில்.

அவள் பயந்திருக்க வேண்டும். பயம் வர வேண்டிய இடத்தில் லேசான குளிர்தான் வந்தது, யாரோ தூரத்து அறையில் ஜன்னலைத் திறந்த மாதிரி.

திங்கட்கிழமை நூலகக்காரி அவளைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற, வாய் ஓயாத பெண்மணி அவள்.

"ஏம்ப்பா, இங்கிருந்து சாப்பாட்டுக் கூடம் எதிர்லதானே இருக்கு? நீ ஏன் சேப்பல் பின்பக்கமா சுத்திப் போற? அங்க என்ன, உனக்கு மட்டும் தெரிஞ்ச டீக்கடையா?"

"நான் எங்க போறேன்? நேராத்தான் போறேன்."

"நல்லா இருக்கு போ. வாராவாரம் ஜன்னல்ல பாக்கறேன். அங்க பூட்டியே கிடக்கற கதவு பக்கம் திரும்பறீங்க, அப்புறம் காணோம். நான் ஒரு தட்டுப் புத்தகம் அடுக்கி முடிச்சதும்தான் திரும்பி வர்றீங்க."

அவள் நினைவுபடுத்திப் பார்த்தாள். நூலகத்தின் படிகள், பழைய காகித வாசனை. அப்புறம் தேநீர்க் கோப்பைகளின் ஆவி. இடையில் ஒன்றுமில்லை. துணியில் கத்தரித்து எடுத்த துண்டு போல.

அந்தச் சனிக்கிழமை தன் கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டு அதைப் பையில் போட்டுக்கொண்டாள். மாலையில் சமையலறை விளக்கைக்கூடப் போடாமல், அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று அதைக் கேட்டாள்.

முதலில் எல்லாம் சரியாக இருந்தது. 'இது நம்ம நூலகம். ராத்திரி வரைக்கும் திறந்திருக்கும்.' அவள் குரல்தான். காய்ந்த இலைகள்மேல் செருப்புகள். ஒரு பழைய கீல் முனகியது. பிறகு எல்லாச் சத்தமும் சுருங்கி, கிணற்றுக்குள் இறங்கினாற்போல எதிரொலித்தது. படிகள். நிறையப் படிகள்.

'இது நம்ம கீழ் விடுதி,' என்றது அவள் குரல், அவள் என்றுமே பேசியிராத அன்போடு. 'இங்க தங்கற பொண்ணுங்க யாரும் வீட்டை நினைச்சு அழ மாட்டாங்க.'

ஒரு பெண் பிள்ளை கலகலவென்று சிரித்தாள். 'அம்மா, இந்தக் கட்டில் எனக்கு!'

'கதவை நீயே சாத்திக்கோம்மா.'

கதவு சாத்தும் ஓசை. மீண்டும் படிகள், இலைகள், காற்று. அந்தத் தாயின் குரல் நிதானமாகக் கேட்டது: 'மெஸ்ல சாப்பாடெல்லாம் எப்படிங்க?'

பதிவு முடிந்து திரை அணைந்த பிறகும் அவள் இருட்டில் அப்படியே நின்றாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அழுகை வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கல்லூரியின் போதகரிடம் போனாள். அவர் நல்ல மனிதர். பதிவைக் கேட்கவைத்தாள். அவர் காதில் அது வெறும் இரைச்சலாகத்தான் விழுந்தது. ஆனாலும் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கூடவே வந்து அந்தக் கதவைத் திறந்து காட்டினார். படிகளே இல்லை. உடைந்த பெஞ்சுகள் அடுக்கிய ஒரு சின்ன அறை. தரையில் பூனைக்கால் தடம்கூடப் படாத தூசி.

"துக்கத்தை உள்ளேயே வச்சிருந்தா இப்படித்தான்மா," என்றார் மெதுவாக. "கொஞ்ச நாள் இந்த வேலை வேணாம். நான் பிரின்சிபால்கிட்ட சொல்றேன்."

சொன்னபடியே செய்தார். இனி சுற்றிக்காட்டுவது நூலகக்காரி பொறுப்பு என்று ஆனது. அவளுக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சு அடங்குவதற்குள், சனிக்கிழமை பிற்பகல், வானம் மூடிக்கொண்டு மழையும் பெய்யாமல் வெயிலும் அடிக்காமல் கிடந்த நேரத்தில், அவளுடைய அக்கா, தன் மகளோடு அலுவலக வாசலில் வந்து இறங்கினாள்.

"சொல்லாம வந்து நிக்கணும்னுதான் வந்தோம்!" அக்காவுக்கு மூச்சிரைத்தது. "இவ இங்கதான் சேரணுமாம். சித்தி இருக்கற காலேஜாம்."

பெண் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிறந்தபோது அவள் மடியில்தான் முதலில் போட்டார்கள். வளர்ந்து தோளுக்கு வந்துவிட்டாள், இன்னும் வீட்டில் குட்டிதான்.

"இந்தக் காலேஜ் வேணாம்க்கா."

"ஏன்?"

"வேணாம். இப்பவே கிளம்புங்க. நான் பஸ் ஏத்திவிடறேன்."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "சொந்தம்னு வந்து நின்னா உனக்குப் பாரமா போச்சா? மாப்பிள்ளை போனதிலிருந்து நீ ஒரு போன் எடுக்கறதில்ல. பக்கத்துல இவ இருந்தாலாவது நீ மனுஷியா ஆவேன்னு நான் பாக்கறேன்..."

இல்லை அக்கா, அதில்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"வாங்க," என்றது வாய். "சுத்திப் பாக்கலாம்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். குட்டி கையைக் கோத்துக்கொண்டாள்.

கால்கள் நடந்தன. இந்தமுறை அவள் எங்கும் போய்விடவில்லை, உள்ளேயே இருந்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, எதையும் தொட முடியாமல், அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பவள் போல. சிற்றாலயத்தின் நிற நிறக் கண்ணாடிகளைப் பற்றி வாய் சொன்னது. தெரிந்த கதைதான். நூலக வாசலில் நூலகக்காரி வேறொரு குடும்பத்தோடு நின்றிருந்தாள். உதவிக்கு அவளை நோக்கிக் கத்த இவள் முயன்றாள். கை மரியாதையாக உயர்ந்து அசைந்துவிட்டு இறங்கியது. நூலகக்காரியும் கையசைத்தாள்.

இலைகள் நொறுங்கின. கீல் முனகியது.

பெஞ்சுகள் இல்லை. தூசி இல்லை. படிகள்.

துவைத்த துணியின் வாசனை கீழேயிருந்து ஏறி வந்தது. அணைத்த மெழுகுவத்தியின் வாசனை. அதற்கடியில், மூடியே வைத்திருந்த அலமாரியின் வாசனை. கீழே மஞ்சள் விளக்குகளும் நீண்ட நடைபாதையும், அதன் முடிவில் திறந்த அறையும் இருந்தன. உள்ளே வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்கொரு பெண். ஒருத்தி படித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தி தலை வாரிக்கொண்டிருந்தாள். எல்லாம் வழக்கமான விடுதிதான். பக்கம் புரள்கிறது, சத்தமில்லை. நகம் தெறிக்கிறது, சத்தமில்லை. எல்லோருமாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். கோபமில்லை. தெரிந்தவர்களைப் பார்க்கிற பார்வை.

ஒரு கட்டில் காலி. விரிப்பு புதிது.

"சித்தி!" குட்டி கையை உருவிக்கொண்டாள். "இந்தக் கட்டில் எனக்கு!"

அக்கா நடைபாதையில் நின்றாள். உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் யாருமில்லை.

வாய் திறந்தது. 'கதவை' என்று தொடங்கியது.

நாக்கைக் கடித்தாள்.

முழுப் பலத்தோடு. ரத்தம் உப்பாகப் பெருகியது. வலித்தது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒன்று வலிக்கிறது! அந்த வலியைப் பிடித்துக்கொண்டு கையை அசைத்தாள். கை கேட்டது. குட்டியின் தோளைப் பிடித்தாள். இழுத்தாள். கட்டிலிலிருந்து, அறையிலிருந்து, வாசலுக்கு வெளியே. தள்ளினாள். குட்டி அக்காமேல் போய் விழுந்தாள்.

அவளும் வெளியே போக ஓரடி வைத்தாள்.

கட்டில் காலியாக இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். பிறகு வாசலில் நிற்கும் குட்டியை.

புரிந்தது.

அவள் போய் உட்கார்ந்தாள். விரிப்பு சில்லென்று இருந்தது. எட்டிக் கதவைத் தானே சாத்தினாள்.

இனி அவர்கள் போய்விடுவார்கள். தன்னை மறந்தே போகட்டும். மேலே போய், பஸ் ஏறி, வீட்டுக்கு. காதைக் கதவில் வைத்துக் காத்திருந்தாள்.

"வாங்கக்கா," என்று கதவுக்கு வெளியே அவள் குரல் சொன்னது. "அடுத்து சாப்பாட்டுக் கூடம். சூடா டீ குடிக்கலாம்."

அவள் வாயைத் தொட்டுப் பார்த்தாள். மூடியிருந்தது.

"சித்தி, நான் எப்பலேர்ந்து இங்க வரலாம்?"

"எப்ப வேணும்னாலும் வாடா செல்லம்." வெளியே அது வாய்விட்டுச் சிரித்தது. நல்ல சிரிப்பு, நெஞ்சு நிறைந்த சிரிப்பு.

"இப்பத்தான்டி நீ பழைய மாதிரி இருக்க," என்றாள் அக்கா, குரல் தழுதழுக்க.

அவள் கதவை அறைந்தாள். கை மரத்தில் பட்டது, ஓசை எழவில்லை. கத்தினாள். எழவில்லை. செருப்புச் சத்தங்கள் சேர்ந்தே படியேறின, அவளுடையதும் அவற்றோடு.

பின்னால் யாரோ வந்து நின்றார்கள். மெல்லத் தோளைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தார்கள். ஒரு சின்னக் கை அவள் பின்னலை அவிழ்த்து, சீப்பால் தலை வார ஆரம்பித்தது. முடியில் சிக்கு இருந்திருக்கும், இழுபட்டிருக்கும். சீப்பு பட்டதே தெரியவில்லை. நாக்கில் வலியும் இல்லை.

மேலே, வெளிச்சத்தில், அவள் சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தாள்.