கீழ வை

காலை பதினோரு மணிக்கு அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவள் தோளில் ரிப்பேர் பை தொங்கியது. அந்த வாசலை மிதித்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. போன மாதம் அண்ணன் செத்தபோதுகூடத் தெருவிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனவள் அவள்.

அண்ணி நலம் விசாரிக்கவில்லை. நேரே அண்ணனின் அறைக்குக் கூட்டிப்போய், மேஜைமேல் கிடந்த கையடக்க கேமிங் கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

“இதுல அவரோடது ஒண்ணு விடாம அழிச்சிடு. பெரிய எஸ்.எஸ்.டி.யாப் போடு. இனி நான்தான் ஆடப்போறேன்.”

“நீங்களா அண்ணி?”

“ஏன், ஆகாதா? ஒருநாள் தூசி தட்டத்தான் எடுத்தேன். ‘கீழ வை’ன்னு கத்திட்டு, என் கையை டிராயர்ல வச்சு மூடினார் உங்கண்ணன்.” அண்ணி தன் கோணிப்போன சுண்டுவிரலைக் காட்டினாள்.

அந்தக் குரலுக்குப் பயந்துதான் அவளும் வீட்டை விட்டுப் போனது.

இழுத்து மூடிய திரைச்சீலை வழியாக வெயில் பழுப்பாகக் கசிந்தது. அவள் விளக்கைப் போட்டு, ஆறு ஸ்க்ரூவையும் கழற்றிப் பின்மூடியை நெம்பினாள். கருகிய தூசி வாடை குப்பென்று அடித்தது. முதலில் பேட்டரி வயரைப் பிடுங்கினாள். அண்ணனுடையதெல்லாம் பதிந்திருந்த பழைய எஸ்.எஸ்.டி.யை எடுத்துப் புதியதைச் செருகினாள். ஃபேனில் அடைத்திருந்த அழுக்கை வழித்தெறிந்து, வயரை மாட்டி, பென் டிரைவிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினாள். மிஷின் மொழி கேட்டது. தமிழைத் தொட்டாள். பிறகு, இனி யார் பயன்படுத்தப் போகிறார்கள், பெயர் என்ன என்று கேட்டது.

கட்டைவிரலால் ஆட்டும் இடப்பக்க ஸ்டிக் தானாக அசைந்தது.

“தேஞ்சுபோச்சு அண்ணி. கை படாமலே நகரும். எல்லா மிஷினுக்கும் வர்ற வியாதிதான்.” பையில் புது ஸ்டிக் இருந்தது. அதை மாற்றினாள். மூடியை ஸ்க்ரூ போடாமல் வெறுமனே பொருத்தி, மறுபடி உயிர்கொடுத்தாள்.

புது ஸ்டிக்கும் அசைந்தது.

அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள். ஸ்டிக்கின் ரப்பர் தலை நடுவில் குழிந்திருந்தது. கட்டைவிரல் வைத்து அழுத்தினால் எப்படிக் குழியுமோ, அப்படி.

விரல்தான் இல்லை.

பெயர் கேட்டுத் திரையில் விரிந்திருந்த எழுத்துகளின்மேல் நீலக் கட்டம் ஒவ்வொன்றாகத் தாவியது. அதற்கு அவசரமே இல்லை.

கீ. ழ.

வை.

“அண்ணி, தொடாதீங்க,” என்று அவள் கிசுகிசுத்தாள்.

அண்ணிக்கோ முகமெல்லாம் சிவந்துவிட்டது. “செத்தும் அதிகாரமா?” இரண்டு கையாலும் அதை வாரி எடுத்தாள். “வைக்க மாட்டேன். என்ன பண்ணிடுவீங்க?”

ஃபேன் உறுமியது.

அண்ணியின் நகங்கள் வெளுத்தன. மேலே இன்னும் இரண்டு கை வந்து இறுக்குவதுபோல் பத்து விரலும் பிளாஸ்டிக்கோடு அழுந்தின.

“விடச் சொல்லு… விடச் சொல்லேன்…”

சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம். இன்னொன்று.

அவள் பவர் பட்டனை அழுத்திப் பத்து எண்ணினாள். அணையவில்லை. மூடியைப் பிய்த்தெறிந்து பேட்டரி வயரை இழுத்தாள்.

வயர் கையோடு வந்தது. திரை எரிந்துகொண்டுதான் இருந்தது.

மூன்று மூச்சு நேரம் கழித்தே அது அணைந்தது. அண்ணி விரல்களை உருவிக்கொண்டு தரையில் சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரலுக்குக் கட்டுப் போட்டார்கள். வீடு திரும்பியதும் அவள் பேட்டரியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் சுத்தியலால் பொடிப்பொடியாக்கினாள்.

“ஒழிஞ்சாரா?” என்றாள் அண்ணி.

“ஒழிஞ்சார் அண்ணி.” ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

மறுநாள் காலை அவள் கடைக்குப் போனாள். ஒற்றை ஆளாக அவள் நடத்தும் கடை. படியில் ஒருவர் லேப்டாப்போடு கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா கடை இது? எவ்வளவு நேரம் தட்டுறது? உள்ள இருக்கிறவர் திறக்கவே மாட்டேங்கிறார்.”

“உள்ளயா? யாரு?”

“நீங்கதான் சொல்லணும். ‘மூக்குறிஞ்சி வரட்டும், அதுவரைக்கும் நில்லு’ன்னு ஒரே அதட்டல். யாரும்மா அந்த மூக்குறிஞ்சி?”

சின்ன வயசில் அவளை அப்படிக் கூப்பிட்ட ஆள் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான்.

ஷட்டரில் நேற்று அவள் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. சாவி அவள் கையில் இருந்தது.