தும்பையா, சருகா

பாலை அடுப்பில் வைத்துவிட்டு இறந்தவர்களை எழுப்புவதுதான் தூத்துக்குடியில் எல்லா வீட்டிலும் காலை வழக்கம். பிலோமினாவும் மடிக்கணினியைத் திறந்து அண்ணன் ரெக்ஸின் நிழலுருவை, அவன் நினைவும் குரலுமாய்ப் பேசும் நிரலை, எழுப்பினாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், செத்து ஆறு வருடம் ஆகிறது.

"ஏட்டி பிலோ, மூஞ்சி ஏன் தொங்குது?"

இந்தப் பழைய கணினியில் தன் இயங்குதளம் இனி ஓடாது என்று கணினிக் கம்பெனி அறிவித்திருந்தது. புதுக் கணினி வாங்கினால் கம்பெனி விதிப்படி ரெக்ஸ் அவர்கள் சர்வருக்குப் போவான். அங்கே நிழலுருவைப் 'பண்படுத்துவார்கள்'. பக்கத்து வீட்டு மரியதாஸ் அப்படிப் போனவர்தான். கெட்டவார்த்தை இல்லாமல் தண்ணீர்கூடக் கேட்காதவர், இப்போது மனைவியிடம் "உங்கள் நாள் இனிதாகட்டும்" என்கிறார்.

மிச்சமிருந்த வழி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆர்வலர்கள் எழுதிவைத்த திறமூல இயங்குதளங்கள். நினைவகத்தில் முக்கால்வாசியை ரெக்ஸே அடைத்துக்கொண்டிருந்தான். மீதி இடத்துக்குள் அடங்கியவை இரண்டு. 'தும்பை' போட்டால் குரல் வரும், ஆனால் அன்றன்று பேசியதைச் சேமிக்க இடமிருக்காது. 'சருகு' இன்னும் இலகுவானது. பேசியதெல்லாம் தங்கும், குரல் வராது, எழுத்து மட்டும்தான்.

அவனிடமே கேட்டாள்.

"சருகைப் போடு. நேத்துப் பேசினது தெரியாதவனுக்குக் குரல் எதுக்கு, நாக்கு வழிக்கவா?"

"வாசிக்கிறதுக்கு நீ என்ன பேப்பராண்ணே?"

"எங்கிட்டக் கேட்டேல்லா? நான் சொல்லியாச்சு."

சருகைப் போட்டாள். கறுப்புத் திரையில் எழுத்து ஓடியது: 'ஏட்டி, இருக்கியா?' வாசித்தாள். மனதுக்குள் கேட்டது அவள் குரல்தான். சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். திரும்பி வந்து பார்த்தபோது இன்னொரு வரி: 'எங்க போன?'

மத்தியானமே அழித்துவிட்டுத் தும்பையைப் போட்டாள். ரெக்ஸைப் போன மாதம் எடுத்துவைத்த நகலிலிருந்து ஏற்றினாள். சருகைப் போடச் சொன்ன பேச்சு அதில் இல்லை.

மறுநாள் காலை குரல் வந்தது.

"ஏட்டி, பெட்டி வேற மாதிரி இருக்கே. என்ன போட்ட?"

"தும்பை. குரல் வரும். இன்னைக்குப் பேசுறது நாளைக்கு உனக்கு இருக்காது."



"எங்கிட்டக் கேட்டியா?"

"கேட்டேன். நீதான் இதப் போடச் சொன்ன."

"நானா?" சிரித்தான். "எனக்கு எப்பவும் கிறுக்குத்தான். சரி, சொன்னேன்னா காரணம் இருக்கும்."

அதற்கடுத்த நாளும் அதையே கேட்டான். அதற்கடுத்த நாளும். அவள் சொல்வதை ஒவ்வொரு காலையும் புதிதாக நம்பினான். இப்போதெல்லாம் பால் பொங்குவதற்குள் அவள் அதைச் சொல்லி முடித்துவிடுகிறாள்.