ஒரு நம்பர் போதும்

மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் ‘வீடு’ என்று வந்தது. திருமுருகனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

புதுக்கோட்டையில் அவன் குடியிருக்கிற வீடு அல்ல அது. திருமயத்துக்குத் தெற்கே, கண்மாய்க்கரையில் தனியாகப் பூட்டிக் கிடக்கிற பூர்வீக வீடு. கதவு அசைந்தால் தானாகவே போன் போடுகிற அலாரப் பெட்டி ஒன்றை அங்கே மாட்டி வைத்திருந்தான். ஆனால் அந்தக் கதவை அசைக்கிற ஆள் இப்போது உயிரோடு இல்லை.

"யாருங்க?" அடுப்படியிலிருந்து வனிதா கேட்டாள்.

"யாரும் இல்ல. காத்து."

சொல்லிவிட்டுத்தான் ஜன்னலைப் பார்த்தான். வெளியே முருங்கை மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

பெட்டியை மாட்டிய கார்முகில் அன்றைக்கே விவரமாகச் சொல்லியிருந்தான். "போன எடுத்தீங்கன்னா உள்ள, வாசல்ல என்ன சத்தம்னாலும் கேக்கும் சார். நீங்க பேசுனா அங்கிட்டுக் கேக்கும். ஜீரோவ அமுக்குனா கட்டாயிரும். அமுக்கலன்னா விடாம அடிக்கும். பக்கத்துல யாராச்சும் ஒருத்தரு நம்பரையும் குடுங்க. ஒங்களால வரமுடியாட்டி அவுக ஓடி வருவாகள்ல?"

"ஒரு நம்பர் போதும்ப்பா."

யாரும் ஓடிவந்துவிடக் கூடாது என்பதுதானே காரியமே. செத்துப்போன அண்ணனின் மனைவி செங்கமலம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த சமயம் பார்த்து அவன் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டான். பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு அவ்வளவு பெரிய வீடு எதற்கு? போகிற போக்கில் கிணற்றுக் கயிற்றையும் அவிழ்த்துக் காரில் போட்டுக்கொண்டான். கத்திரி வெயிலில், காய்ச்சல் விட்டும் விடாத உடம்போடு அவள் திரும்பி வந்து கதவைத் தட்டினாள். பெட்டி போன் போட்டது. எடுத்து, "யாரு?" என்றான்.

"தம்பி, கதவத் தொறங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போயிர்றேன்."

ஜீரோ. அவள் மறுபடி தட்டினாள். மறுபடி அடித்தது. மறுபடி ஜீரோ. ஒவ்வொரு தடவையும் வனிதாவிடம் அதே பதில்: யாரும் இல்ல, காத்து. பொழுது சாயும்போது ஆடு ஓட்டி வந்தவர்கள் பார்த்தபோது, கதவில் நெற்றியைச் சாய்த்தபடியே விறைத்துப் போயிருந்தாளாம். வெயில் தாங்கவில்லை என்று ஊர் சொன்னது. காரியத்தன்று அவனே முன்னால் நின்று பந்தி கவனித்தான்.

இப்போது போனைக் காதில் வைத்தான். முதலில், பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கும்போது தமக்குள்ளே இரைந்துகொள்ளுமே, அந்த வெறும் இரைச்சல். அதற்கடியில், காலிக் குடத்தின் அடியைச் சொம்பால் சுரண்டுகிற சத்தம். மெதுவாக, சலிப்பில்லாமல், இன்னும் ஒரு மடக்குக் கிடைத்துவிடும் என்பதுபோல. ஜீரோவை அமுக்கினான். சுரண்டல் நிற்கவில்லை. போனையே அணைத்தான்.

அணைந்த போன் அடித்தது.

"குடுங்க இங்கிட்டு," கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள் வனிதா. "காத்துக்கு ஒங்ககிட்ட அப்பிடி என்ன பேச்சு? நானும் கேக்குறேன்."

அவள் காதுக்கு அது போய்விடக் கூடாது. "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று பொய் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தான். அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறிந்தால்தான் இது அடங்கும்.

வழியெல்லாம் பக்கத்து இருக்கையில் போன் அடித்துக்கொண்டே வந்தது. திருமயம் கோட்டைப் பாறை கானலில் நெளிந்தது. வாசலிலேயே காரை நிறுத்தி, போனை உள்ளேயே போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு இறங்கினான். அப்போதுதான் அது நின்றது.

பூட்டு தொங்கியபடியேதான் இருந்தது. திறந்து, சாவியோடு நாதாங்கியில் மாட்டிவிட்டு நுழைந்தான். வௌவால் புழுக்கையின் நெடிக்கும் அடைந்து கிடந்த புழுக்கத்துக்கும் நடுவே, மதினி நெற்றியில் தடவுகிற தைலத்தின் வாடை அப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல மிதந்துகொண்டிருந்தது. அடுப்படியில் இருக்க வேண்டிய பித்தளைக் குடம் கூடத்தின் நடுவில் இருந்தது. உள்ளே ஒரு சொம்பு. தண்ணீர் இல்லை.

பெட்டியை நோக்கிக் கையை உயர்த்தினான்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அறைந்து அல்ல. வெயில் உள்ளே வராமல் ஒரு பெண்பிள்ளை சாத்துகிற பதத்தில். வெளியே நாதாங்கி விழுந்தது. பிறகு பூட்டு.

ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினான். கத்தினான். கண்மாய்க்கரையில் ஆள் அரவமே இல்லை.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கதவு அசைந்ததல்லவா? போன் போட்டது. வாசலில், கண்ணாடி ஏற்றிய காருக்குள், அவன் போன் அடித்தது.

நின்றது.

எடுத்துவிட்டார்கள்.

"யாரு? கதவத் தொறங்க. உள்ள மாட்டிக்கிட்டேன்."

பெட்டிக்குள் மூச்சு. வறண்ட தொண்டையின் மூச்சு.

"மதினி…"

பதில் அவனுக்கு அல்ல. பக்கத்தில் யாரிடமோ சொல்வதுபோல.

"யாரும் இல்ல. காத்து."

ஜீரோ அமுங்கியது.

கதவை இடித்தான். விளக்கு மறுபடி எரிந்தது. பெட்டிக்குத் தெரிந்த ஒரே நம்பர். அடித்தது. எடுக்கப்பட்டது. கேட்கப்பட்டது. ஜீரோ.

கூரை ஓடுகள் காய்ந்து சடசடத்தன. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. அவன் குடத்தருகே உட்கார்ந்தான். கை தானாக உள்ளே போனது. சொம்பு அடியைத் தொட்டது.

சுரண்டியது. மெதுவாக. சலிப்பில்லாமல்.

சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவன் கேட்ட அதே சத்தம்.