அலறல் நின்றால் வருவோம்

ஒலிபெருக்கி மூச்சு வாங்காது. அது சின்னவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் ஆஸ்பத்திரி மாதிரி ஜோடித்த அறையிலிருந்து வந்த அக்காவின் அலறல் முடிந்து, அடுத்தது தொடங்குவதற்கு முன்னால், யாரோ வாயைத் திறந்து காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது.

சின்னவள் கையிலிருந்த ரப்பர் முகமூடியை மாட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பதிவில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். ஒரு அலறல், அதன் வாலில் சின்னதாக ஒரு இருமல், கொஞ்சம் அமைதி, மறுபடி அலறல். அது அப்படித்தான் இத்தனை நாளும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா செத்த நாளிலும் அப்படித்தான் ஓடியது.

வெளியே உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே எப்போதும் இருட்டுதான். பழைய கிடங்கு ஒன்றைக் கறுப்புப் பெயிண்ட் அடித்த பலகைகளால் அறை அறையாகத் தடுத்து, பேய் வீடு என்று பலகை மாட்டி டிக்கெட் விற்கிற இடம் அது. அறைகளுக்குப் பின்னால், வேலை செய்கிறவர்கள் போய்வர ஒரு சந்து இருந்தது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் அதில் நகர முடியும். புகை மெஷினின் தித்திப்பான கருகல் வாசனையும், வியர்வை ஊறிய ரப்பரின் நாற்றமும், எத்தனையோ பேருடைய தோள் உரசி வழவழப்பான பலகையின் பிசுபிசுப்பும் சேர்ந்து, அந்தச் சந்துக்குள் நுழைந்தாலே தொண்டை அடைக்கும். அக்காவின் நெஞ்சை அடைத்தது அந்தப் புகைதான்.

சின்னவள் இங்கே திரும்பி வந்தது சம்பளத்துக்காக இல்லை. அக்காவின் குரலை இந்த வீட்டிலிருந்து எடுத்துவிடத்தான் வந்தாள். அவர்களுடைய வீடு கிடங்குக்குப் பின்தெருவில் இருந்தது. டிக்கெட் கொடுக்க ஆரம்பித்ததும் அலறல் ஜன்னல் வழியாக அடுப்படி வரைக்கும் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் அம்மா எழுந்திருப்பாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போவாள். "அவ கத்துறாடி. யாராவது போங்களேன்" என்பாள். கையைப் பிடித்து உட்காரவைத்தால் உட்காருவாள். அடுத்த அலறலுக்கு மறுபடி செருப்பைத் தேடுவாள். சோறு தட்டிலேயே காய்ந்துபோகும். செத்த மகளின் சத்தத்துக்கு ஒரு தாய் எத்தனை முறைதான் எழுந்து உட்காருவாள்?

காலையில் ஆபீஸ் அறைக்குப் போய் முதலாளியிடம் கேட்டும் பார்த்துவிட்டாள்.

"சார், அந்தக் குரல மட்டும் எடுத்துடுங்க. எங்கம்மாவால முடியல. வேணும்னா நானே கத்தித் தர்றேன்."

முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க அக்கா போனதுல எனக்கும் வருத்தந்தாம்மா. சாப்பாடே எறங்கல."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அழுது முடித்த கையோடு, வேலைக்குச் சேருகிற எல்லோருக்கும் எடுக்கிற பாடத்தை அவளுக்கும் எடுத்தார்.

"இந்தத் தொழில் என்ன இன்னைக்கு நேத்து வந்ததா? மொதல்ல வெளிநாட்டுல மெழுகுல வெட்டுப்பட்ட தலை செஞ்சு வரிசையா வெச்சாங்க. ஜனம் முண்டியடிச்சுது. அப்புறம் பொருட்காட்சிக்குப் பொருட்காட்சி இருட்டுக்குள்ள ரயில் விட்டாங்க. அங்க பஞ்ச காலத்துலகூட வீட்டுக் கீழ்த்தளத்துல ஈரத்துணியத் தொங்கவிட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்து பயமுறுத்தியிருக்காங்க. இப்ப யாரு மெழுகுக்குப் பயப்படுறா? நிஜமா இருக்கணும். நிஜமான அலறல் ஒண்ணு கெடச்சா, அத விடலாமா?"

"அது எங்க அக்காவோடது சார்."

"பதிவு என்னோடது. அவ இன்னும் நம்மகூடத்தான் வேலை பாக்குறான்னு நெனச்சுக்கோ."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கடித்த வலி இன்னும் தாடையில் இருந்தது.

அந்த நிஜம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பது பேய் வீடு முழுக்கத் தெரிந்த கதை. கத்திக் கத்தி அக்காவின் தொண்டை கட்டிப்போனபோது, உன் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று தேன் தடவிப் பேசி, ஆபீஸ் அறைக்கு அழைத்துப்போய் மைக் முன்னால் கத்தவைத்தார். எப்படிக் கத்தினாலும் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு, அவளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினார். அடைத்த அறை அக்காவுக்கு ஆகாது. அது தெரிந்துதான் பூட்டினார். அவள் கதவைத் தட்டினாள், கெஞ்சினாள், அதன் பிறகு அலறினாள். அந்தக் கடைசித் துண்டை வெட்டி எடுத்துத்தான் ஓடவிட்டார். திறந்து பார்த்து அவர் சொன்ன ஒரே வார்த்தை, "பிரமாதம்."

பேய் வீட்டில் வேலை செய்கிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. மற்ற இடங்களில் ஆபத்து என்றால் கத்துவார்கள். இங்கே எல்லா அறையிலும் காப்பாற்றச் சொல்லிக் கத்துவதுதான் வேலை. எது நிஜம், எது வேஷம் என்று எப்படித் தெரியும்? அதனால் தலைகீழாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். "கத்தினா யாரும் வர மாட்டோம். கத்தல் நின்னா வருவோம்" என்று சங்கிலி அண்ணன் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு பிணமாக நடக்கிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். சவப்பெட்டிக்குள் படுத்து நடிக்கும்போது மயங்கிப்போனவர்களை அந்த வழக்கம்தான் பிழைக்கவைத்தது. ஸ்பீக்கர் மாட்டிய அன்றே அவர் முதலாளியிடம் கேட்டார்.

"சார், இது ஓடிக்கிட்டே இருந்தா, யாரு நிறுத்தினாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ சங்கிலிய இழு. யோசனைய நான் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி.

அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் ஊருக்கே தெரிந்தது. புகை அதிகமாக விட்ட அன்று, ஆஸ்பத்திரி அறையின் இரும்புக் கட்டிலில் அக்காவின் மூச்சு நின்றது. ஸ்பீக்கரின் குரல் நிற்கவில்லை. ஒரு பலகைக்கு இந்தப் பக்கம், தூக்கில் தொங்குகிற வேஷத்தில் இருந்த சின்னவள் அக்காவின் அலறலைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் கட்டிலைக் கடந்து போனார்கள். அக்காவின் தலைக்குப் பக்கத்தில் தலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து, "சூப்பரா செஞ்சிருக்காங்கடா" என்றான். பேய் வீட்டை மூடும் நேரத்தில் விளக்கைப் போட்டபோதுதான் தெரிந்தது.

மறுபடியும் அந்த மூச்சு.

சின்னவள் முகமூடியைக் கீழே வைத்தாள். கருவிப் பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டாள். வேலை போனால் போகட்டும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? பலகையில் கை வைத்தபடி பக்கவாட்டில் நகர்ந்தாள். அலறல் பலகை வழியாக உள்ளங்கையில் அதிர்ந்தது. அது நின்றதும், மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். அவளை அறியாமலே அவளுடைய மூச்சும் நின்றிருந்தது.

வந்தது. ஈரமான, இழுபடுகிற மூச்சு. புகை போட்ட நாட்களில் அக்கா விடுகிற மூச்சு.

கட்டிலுக்கு மேலே, சுவர் ஓரத்தில் இருந்தது ஸ்பீக்கர். அவள் கட்டிலில் ஏறி நின்று அதன் முகத்தில் போர்த்திய கறுப்புத் துணியைத் தொட்டாள். சூடாக இருந்தது. மின்சாரச் சூடாக இருக்கலாம். ஆனால் துணி நனைந்திருந்தது. அது உள்ளே ஒட்டி, வெளியே உப்பியது. மறுபடி உள்ளே ஒட்டியது.

"அக்கா" என்றாள். சொல்லக் கூடாது என்று நினைத்தும் வாய் சொல்லிவிட்டது. "நான்தான்க்கா. உன்னை வெளியே எடுத்துடுறேன். வீட்டுக்குப் போயிடலாம்."

ஒயரைப் பிடித்து வெட்டினாள்.

அலறல் நடுவில் அறுந்தது. வீடு முழுக்க அமைதி. எங்கோ சங்கிலி தரையில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு சங்கிலி அண்ணன் சந்துக்குள் ஓடி வருகிற சத்தம். "யாரு? யாரு நிறுத்தினது? நல்லா இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"ஒண்ணுமில்லண்ணே. ஒயர வெட்டிட்டேன்."

அவர் அறை வாசலிலேயே நின்றார். அவர் பார்த்தது அவளை இல்லை. "அப்ப அது என்ன சத்தம்?" என்றார் மெதுவாக.

பலகைக்குப் பின்னால் மூச்சு. சந்துக்குள். ஆளில்லாத சந்து. இழுத்து, விட்டு, இழுத்து. நகர்ந்தது. கண்ணாடி அறை. பெட்டி அறை. போகிற வழியெல்லாம் பலகை லேசாக முனகியது. யாரோ தோளை உரசிக்கொண்டு போவது போல. வெளி வாசல் பக்கம். ஆபீஸ் பக்கம்.

ஆபீஸ் கதவு. கைப்பிடி திரும்புகிற சத்தம்.

"யாரது?" முதலாளியின் குரல். "வேலை நேரத்துல யாரு இங்க..."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

அக்கா அலறினாள்.

சின்னவள் ஓடினாள். சந்தில் முழங்கை சிராய்ந்தது. வாசல் கூடத்துக்கு வந்து விழுந்தபோது, கயிறு கட்டிய வரிசையில் முதல் கூட்டம் நின்றுகொண்டிருந்தது. ஆபீஸ் கதவு திறந்திருந்தது. முதலாளி வெளியே வந்தார். வாய் திறந்திருந்தது. ஒரு மனிதனின் வாய் அந்த அளவுக்குத் திறக்காது. உதட்டோரம் கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. உள்ளேயிருந்து வந்தது அக்காவின் குரல். அதே அலறல். வாலில் அதே இருமல். மறுபடி அலறல்.

கூட்டம் கைதட்டியது. போன்கள் உயர்ந்தன. ஒரு அப்பா குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக் காட்டினார்.

முதலாளியின் கண்கள் மட்டும் அவருடையவை. அவை அவளைப் பார்த்தன, கெஞ்சின. கை நீண்டது. கதவைத் தட்டுகிற மாதிரி காற்றில் தட்டியது. முழங்கால் மடங்கித் தரையில் சரிந்தார். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று காத்துப் பார்த்தாள். வரவே இல்லை. கத்து, நல்லாக் கத்து என்றுதான் மனசு சொன்னது.

பின்னால் வந்த சங்கிலி அண்ணன் குனிந்து அவர் மூக்கருகில் விரல் வைத்தார். நெஞ்சில் காதை வைத்தார். நிமிர்ந்தபோது வேஷத்துக்குப் பூசிய வெள்ளைக்குள் அவர் முகமே வெளிறியிருந்தது.

"போயிட்டாரும்மா" என்றார். "நெஞ்சு அசையல."

அலறல் நிற்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். செருப்பு இடம் வலம் மாறியிருந்தது. இன்று அவளைக் கையைப் பிடித்து உட்காரவைக்க வீட்டில் ஆளில்லை. அம்மா யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து தரையில் உட்கார்ந்தாள். முதலாளியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, உதட்டு ரத்தத்தைத் தன் கையால் துடைத்தாள்.

"வந்துட்டேன்டி. அம்மா வந்துட்டேன். போதும்."

அலறல் நின்றது. செத்த கண்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. வாய் மட்டும் மெல்ல மூடி, மெல்லத் திறந்தது.

"இருட்டா இருக்கும்மா" என்றது அக்காவின் குரல். "கதவத் தெறக்க மாட்டேங்குறாங்க."

"அம்மா, அது அக்கா இல்ல" என்றாள் சின்னவள். "அம்மா, எந்திரி."

அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் தெளிவு இருந்தது.

"என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? கால் பக்கம் பிடி. அக்காவ வீட்டுக்குக் கொண்டு போலாம்."

சங்கிலி அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டியபடி பின்னால் நகர்ந்தார். அம்மா தோள்பக்கம் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். கனத்தில் தள்ளாடினாள். சின்னவள் குனிந்து, பளபளவென்று துடைத்த அந்த ஷூக்களைப் பிடித்தாள். கூட்டம் சிரித்துக்கொண்டே வழிவிட்டது. வெயிலுக்குள் இறங்கினார்கள். செத்த மனிதனின் வாய் அசைந்துகொண்டே வந்தது. அடுப்படி ஜன்னலைச் சாத்த வேண்டாம் என்றது. விளக்கை அணைக்க வேண்டாம் என்றது. பக்கத்தில் யாராவது படுத்துக்கொள்ள வேண்டும் என்றது.

"தங்கச்சி படுத்துக்குவாடா கண்ணு" என்றாள் அம்மா.