குறுக்கே வரும் செவலை

விஜயநகரின் கடைசித் தெருவில், புது மாடி வீடுகளுக்கு நடுவே பாழடைந்து கிடந்த அந்த வீட்டின் வாசலில் லக்கேஜ் ஆட்டோ நின்றதும் முதலில் குதித்தது அவர்கள் வளர்க்கும் பெட்டை நாய் செவலைதான். பின்னால் கரியப்பன். அவன் மனைவி சித்தம்மா. அவள் இடுப்பில் இரண்டு வயது ப்ரியா. ஹனூரிலிருந்து வருகிறார்கள். திங்கட்கிழமை வீட்டை இடிப்பார்கள். அதுவரை காவல், பிறகு அங்கேயே கட்டட வேலை. மதில் ஓரம் தகரக் கொட்டகை இருந்தது. பெண்டாட்டி பிள்ளையோடு ஒரே இடத்தில் இருக்கலாம் என்பதே கரியப்பனுக்குப் போதுமாயிருந்தது.

மூட்டை இறக்கும்போதே இரண்டு தெரு நாய்கள் முறைத்துக்கொண்டன. அதில் கறுப்பு நாயான கறுப்பன் வாலைக் கம்பியாக நிமிர்த்தி, கண்ணை எடுக்காமல் நேராக நடந்து வந்தான். மற்றது விறைத்து நின்றது. செவலை அரைவட்டமாய்ச் சுற்றிப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே குறுக்காக நின்றாள். இரண்டும் தளர்ந்து விலகின.

"பாருங்க மாமா, வந்ததும் வராததுமா பஞ்சாயத்துக்கு உட்கார்ந்துட்டா உங்க மூத்த சம்சாரம்!"

"அடிதடின்னா அவளுக்கு ஆவாது புள்ள. நேரா மொறைச்சுட்டுப் போனாத்தான் சண்டை. குறுக்க போயி நின்னா தீந்துது."

அந்த மூத்த சம்சாரம் என்ற கேலிக்குக் காரணம் இருந்தது. கரியப்பன் வேலை முடிந்து வந்தால் செவலை காதை மடித்து, உடம்பை வில்லாய் வளைத்து, இடுப்போடு சேர்த்து வாலாட்டி முனகுவாள். வேறு யாருக்கும் அந்த ஆட்டம் கிடையாது.

வெளிச்சம் மங்கும்போது வீட்டைப் பார்க்கக் கரியப்பனும் செவலையும் உள்ளே போனார்கள். கடைசி அறையின் வாசலில் செவலை நின்றாள்.

குரைக்கவில்லை.

ஒரு முன்னங்காலைத் தூக்கினாள். உதட்டை நக்கினாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மெல்லப் படுத்து, வயிற்றைக் காட்டினாள். தன்னைவிடப் பெரிய நாயிடம் 'உன்னோடு எனக்குச் சண்டை இல்லை' என்று சொல்லும் விதம் அது.

அறையில் நாய் இல்லை. நனைந்த சுண்ணாம்பு வாடை மட்டும் இருந்தது.

அவளுடைய ஓரக்கண் பார்த்தது நாயின் உயரத்தை அல்ல. ஒரு ஆளின் உயரத்தை.

"யார்றா உள்ள?"

கரியப்பன் கண்ணைச் சிமிட்டாமல் நேராக உள்ளே நடந்தான்.

செவலை சன்னமாய் அழுதாள்.

இருட்டில் ஏதோ ஒன்று அவன் கழுத்தருகே வந்தது. மூச்சை இழுத்தது. மோந்து பார்த்தது. பனிக்கட்டியை வைத்ததுபோல் நெஞ்சுக்குள் ஒரு குளிர் இறங்கியது. பிறகு ஒன்றுமில்லை.

வெளியே வந்து கதவைச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டான். செவலை அங்கே இல்லை.

வாசலில் அந்தத் தெரு நாய் கறுப்பன் கிடந்தான். கரியப்பனைக் கண்டதும் வாலைக் காலுக்கிடையே சொருகி, முகத்தைத் திருப்பி, இருந்த இடத்திலேயே மூத்திரம் விட்டான்.

கரியப்பன் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாருமில்லை.

கொட்டகைக்கு ஓடினான். சித்தம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். சாக்கின் மேல் ப்ரியா.

"கண்ணு, வா சாமி, அப்பன்கிட்ட வா."

அவன் குனிந்து கையை நீட்டினான்.

செவலை அரைவட்டமாய்ச் சுற்றி வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்கும் குழந்தைக்கும் நடுவே குறுக்காக நின்றாள்.

"ஏனுங்க மாமா, அவளை அடிச்சீங்களா?"

"இல்ல புள்ள."

"பொறவு எதுக்கு உங்களைக் கண்டு இப்பிடி நடுங்கறா?"

அவன் ஒரு அடி வைத்தான். செவலை நடுங்கிக்கொண்டே விலாவால் குழந்தையைப் பின்னுக்குத் தள்ளினாள். அவள் ஓரக்கண்ணால் பார்த்தது அவன் முதுகுக்குப் பின்னால் அல்ல.

அவன் முகத்தை.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. கடைசி அறைக் கதவை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

செவலையின் காது மடிந்தது. உடம்பு வில்லாய் வளைந்தது. இடுப்போடு சேர்த்து வாலாட்டி, முனகிக்கொண்டே அந்தக் கதவை நோக்கி ஓடினாள்.

ப்ரியா வீட்டுப் பக்கம் கை நீட்டிச் சிரித்தாள்.

"அப்பா!"

கரியப்பன் குனிந்தபடியே நின்றான். இப்போது குழந்தைக்கும் அவனுக்கும் குறுக்கே யாருமில்லை.