நான்தாங்க அந்த நோயாளி

"மன்னிச்சுக்கோங்க... எப்ப தவறினாங்க?"

கதவைத் திறந்தவளிடம் சிலிண்டர்காரன் கேட்ட முதல் கேள்வி அதுதான். நாலு மாடி ஏறி வந்தவன், தொப்பியைக் கழற்றிக் கையில் வேறு வைத்திருந்தான். வாடகைக்குக் கொடுத்த ஆக்சிஜன் சிலிண்டரை மாதம் முடியுமுன்பே எடுத்துக்கொள்ளச் சொன்னால், நோயாளி போய்விட்டார் என்று அர்த்தம். அவன் தொழிலில் அந்தக் கணக்கு இதுவரை தப்பியதில்லை.

"நான்தாங்க அந்த நோயாளி," என்றாள். "இன்னும் தவறலை. அதுக்கு நேரம் கிடைக்கலை."

அவன் முழித்த முழியில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது... ஒரு இருமல்கூட வரவில்லை!

நுரையீரல் புற்றுநோய், நாலாம் கட்டம். மூன்று மாதம் முன்பு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. கடைசி முயற்சியாகக் கொடுத்த மாத்திரை இப்படி வேலை செய்யும் என்று டாக்டரே எதிர்பார்க்கவில்லை. கட்டி போகவில்லை, சுருங்கியிருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது என்றார். தெரியாவிட்டால் போகட்டும்! கணக்கு டீச்சரான அவள் டியூஷன் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் அவன் மறுபடி வந்தான். ரசீதில் கையெழுத்து விட்டுப்போச்சாம். அதற்கடுத்த வாரம், போட்ட கையெழுத்து சரியாக விழவில்லையாம்.

"உங்க கம்பெனிக்கு எத்தனை கையெழுத்துங்க வேணும்?"

"கம்பெனிக்கு ஒண்ணு போதுங்க..."

வெளியே மழை. நனைந்த இமைகளோடு அவன் பார்த்த பார்வையில், அவள் பேனாவைத் திறக்க மறந்தாள்.

பிறகு பதினாலு நாள் ஆளையே காணோம். துருவித் துருவிக் கேட்டதில், கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அக்கா ஒப்புக்கொண்டாள்.

"நான்தான் வர வேண்டாம்னேன். அந்தத் தம்பிக்கு எதுக்குடி ஆசை காட்டற? நாளைக்கு உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அக்காவின் கண் கலங்கியது. இருமும்போதெல்லாம் முதுகைத் தடவிக் கொடுத்தவள்... அவளிடம் எப்படிக் கோபப்படுவது?

"நாளைக்கு நடக்கறதுக்கு இன்னைக்கே அழணுமாக்கா?" என்றபடி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கம்பெனிக் கிடங்கு வாசலில் வேனில் சிலிண்டர் ஏற்றிக்கொண்டிருந்தவன், அவளைக் கண்டதும் அப்படியே நின்றான்.

"எனக்கு வேண்டாம்னு சொல்ல அக்கா யாரு? கேட்டுக்கிட்டு வராம இருக்க நீங்க யாரு?" படபடவென்று பொரிந்தாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. எத்தனை நாளைக்குன்னு கேட்காதீங்க, தெரியாது. பரிதாபப்பட்டு மட்டும் சரின்னு சொல்லிடாதீங்க."

அவன் கையுறையைக் கழற்றினான்.

"பதினாலு நாளா எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் நீங்க திறக்க மாட்டீங்களான்னு இருக்குங்க. இதுக்குப் பேரு பரிதாபமா?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. இது நோய் இல்லை, நன்றாகத் தெரிந்தது.

"அப்போ சாயந்தரம் வீட்டுக்கு வந்து சொல்லுங்க."

"பயமா இருக்குங்க..."

"எதை நினைச்சு? என் நோயையா?"

"சேச்சே... உங்க அக்காவை."