கீழமுனைக்கு ஓர் இனிய அறிவிப்பு

முள் முப்பத்தொன்றைத் தாண்ட மறுத்தது. தாட்சாயணிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "ஐப்பசி பதினெட்டாம் தேதிக்குள் கீழமுனைக் குடியிருப்பை முழுவதும் காலி செய்ய வேண்டும்" என்று எழுதினால், நூற்றுக்கு முப்பத்தொரு பேர்தான் தலையாட்டுவார்கள் என்று ஒப்புமானி சொல்லிவிட்டது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஒப்புமானி பார்ப்பதற்கு ஒரு சோற்றுப்பானை அளவுதான் இருக்கும். ஆனால் யார் யார் கைப்பேசியில் எதைப் படித்தார்கள், எந்த வரியில் முகம் சுளித்தார்கள் என்பதெல்லாம் அதன் வயிற்றுக்குள் கிடந்தது. எழுதியதை ஊட்டினால் போதும். படிக்கப்போகிறவர்களில் எத்தனை பேர் ஒத்துக்கொள்வார்கள் என்று முள் காட்டிவிடும். தொண்ணூறுக்குக் குறைந்த எதையும் காலநிலைக் கொள்கை மன்றம் வெளியே விடாது. கடல் எந்த நாளில் எந்தத் தெருவுக்கு வரும் என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டு, அதை அப்படியே அறிவித்துக் கல்லடி வாங்கிய காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது மன்றத்துக்கு வேண்டியவர்கள் வார்த்தை தெரிந்தவர்கள்.

தாட்சாயணிக்கு வாழ்வு வந்தது அப்படித்தான். அவள் தத்துவத்தில் எம்.ஏ. முடித்தபோது, "இத வெச்சுக்கிட்டு என்னத்தப் பண்ணப் போற?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. அந்தப் பட்டம்தான் அவளைப் பரங்கிமலைச் சரிவிலிருந்த பதினான்கு மாடி மன்றத்தில் இணக்க எழுத்தாளராக உட்கார வைத்தது. நன்மை என்பது யாது என்று கல்லூரியில் ஐந்து வருடம் தொண்டை வற்ற விவாதித்தவளுக்கு, இங்கே வந்த ஐந்தே மாதத்தில் விடை கிடைத்துவிட்டது. முள் ஏறினால் நன்மை. இன்னும் தகுதிகாண் பருவம்தான். கீழமுனை அறிவிப்பு தேறினால் வேலை நிரந்தரம், பக்கத்திலேயே மேட்டுக் குடியிருப்பில் வீடு. தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

தேதியை நீக்கிப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு. 'காலி' என்ற சொல்லைத் தூக்கினாள். அறுபத்து நான்கு. எங்கே போக வேண்டும் என்ற இடத்தில் செங்கல்பட்டு முகாம் என்றிருந்தது. முகாம் யாருக்குப் பிடிக்கும்? அதுவும் போயிற்று. ஓட்டை விழுந்த இடங்களில் எல்லாம் உறவு, மண், தாய்மடி என்று இட்டு நிரப்பினாள். தாய்மடிக்கு மட்டும் ஒன்பது புள்ளி ஏறியது.

அலைப் பொறியாளர் ஷாகுல் எட்டிப் பார்த்தார். கடல் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

"மேடம், தண்ணி வரப்போகுதுங்கிறதே இதுல இல்லையே?"

"இருக்கே சார். 'கடலன்னை நம்மைக் காண வருகிறாள்.' ரெண்டாவது பத்தி."

"நாலாயிரம் பேருங்க. பதினெட்டாம் தேதி அங்க இடுப்பளவுக்கு நிக்கும்."

"போன வருஷம் நீங்க எழுதுன நோட்டீஸுக்குத்தான சார் ஜீப்பைக் கொளுத்துனாங்க?"

ஷாகுல் தன் மேசைக்குத் திரும்பினார். தாட்சாயணிக்கு உள்ளே சுருக்கென்று குத்தத்தான் செய்தது. அந்தக் குத்தலையே ஒரு வாக்கியமாக்கிச் சேர்த்தாள். முள் தொண்ணூற்றேழுக்குப் போய் நின்றது.

இயக்குநர் வைத்தீஸ்வரன் அதை இரண்டு முறை படித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "என்ன எழுத்தும்மா! நானே கெளம்பிடலாம்போல இருக்கு." எங்கே கிளம்புவது என்று கேட்க அவருக்கும் தோன்றவில்லை. அறிவிப்பு போயிற்று. மூன்றே நாளில் கீழமுனை மொத்தமும் ஒப்புதல் ரேகை வைத்து அனுப்பியது. மன்றத்தில் கேக் வெட்டினார்கள். பதினேழாம் தேதி காலை இயக்குநர் தன் கையாலேயே தாட்சாயணிக்கு நிரந்தர ஆணையும் வீட்டுச் சாவியும் கொடுத்தார். கீழமுனையிலிருந்து அதுவரை ஒரு பானைகூட நகர்ந்ததாகத் தகவல் இல்லை. அதை யாரும் கேட்கவுமில்லை.

கைதட்டல் ஓயும்முன் வாசலில் கூச்சல் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தால் லாரி, மீன் வண்டி, ஆட்டோ, தலைச்சுமை என்று மலைச் சாலை அடைத்துக் கிடந்தது. கட்டில்கள் இறங்கின, கோழிகள் இறங்கின, ஒரு ஃபிரிட்ஜ் இறங்கியது. கீழமுனை ஊராட்சித் தலைவி தேசராணி, அறிவிப்பைக் கையில் பிடித்தபடி நேராக மாடியேறி வந்தார்.

"எல்லாரும் ஒத்துக்கினோம்மா. அவ்ளோ அழகா எழுதியிருந்துச்சு. ஆனா எங்க போறதுன்னு மூணு நாளா ஊர்க்கூட்டம் போட்டுத் தேடுனோம், எங்கயுமே போடல. கடைசில பாத்தா, அடியில ஒரே ஒரு விலாசம் இருந்துச்சு. வந்துட்டோம்."

"ஐயோ, அது எங்க ஆபீஸ் விலாசம்!" என்றார் இயக்குநர்.

"ஆமா. 'எங்கள் மேடு உங்கள் மேடு'ன்னும் போட்டிருக்கீங்களே."

இயக்குநர் தாட்சாயணியின் காதருகே குனிந்தார். "திரும்பிப் போகச் சொல்லி நாலு வரி எழுதும்மா. சீக்கிரம்."

அவள் எழுதினாள். தாய்மடியைப் போட்டாள், உறவைப் போட்டாள், கடலன்னையை மறுபடி அழைத்தாள். பூஜ்யத்திலிருந்து முள் இம்மியும் அசையவில்லை. நாலாயிரம் பேரும் ஏற்கெனவே ஒத்துக்கொண்டாயிற்று. இனி அவர்களிடம் எழுத்து செல்லாது. ஜன்னலோரம் நின்ற ஷாகுல் மட்டும், பல மாதங்களுக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தேசராணி தாட்சாயணியின் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"இத எழுதுனது நீதானாம்மா? படிச்ச நாங்களே ஒத்துக்கினோம். எழுதுன நீ ஒத்துக்க மாட்டியா? உன் வீடு எத்தினியாவது மாடி?"

தாட்சாயணி பழக்கத்தில் ஒப்புமானியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஏழு" என்றாள்.

அந்த மன்றத்தில் சேர்ந்த பிறகு அவள் ஒருவருக்குச் சொன்ன முதல் தகவல் அது.